தொட்டி மேட்டு ஓட்டம்

என் வயதுக்காரர்களே, பிரிஞ்சாங் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு பெண் வந்து நமக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறாள் அல்லவா? பாட்டைப் போட்டுவிட்டு, "பாட்டி, இதை எக்சர்சைஸ்னு நினைக்காதீங்க லா, விளையாட்டுன்னு நினைச்சுக்குங்க" என்கிறாள். நீங்கள் எல்லாரும் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு ஆடுகிறீர்கள். நான் மட்டும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். முட்டி வலி உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. போன வாரம் உங்களில் ஒருத்தி, "இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே சோம்பேறித்தனம்" என்று கேலி செய்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேட்காதீர்கள்.

ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து ஆண்ட சண்டைக் காலம். எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. எங்கள் தேயிலைத் தோட்டம் தானா ராத்தாவிலிருந்து நடந்தால் இரண்டு மணி நேரம். வெள்ளைக்காரத் துரையைப் பிடித்துக்கொண்டு போன பிறகு பங்களா பூட்டிக் கிடந்தது. ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணிதான் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். பாதி மலையில் தேயிலை கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மீதியை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம்.

துணி கிடைக்காது. அம்மா எனக்கு அரிசிச் சாக்கில் ஒரு சட்டை தைத்திருந்தாள். நனைந்தால் கழுத்தை அறுக்கும். ஆனாலும் எனக்கு அந்தச் சட்டை பிடிக்கும், ஏனென்றால் அதில் இன்னும் அரிசி வாசம் இருந்தது. பசிக்கிறபோது கழுத்துப் பட்டையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பேன். அம்மா பார்த்தால் தலையில் குட்டுவாள், பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் ஏன் திரும்பிக்கொண்டாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறைதான் பள்ளிக்கூடம். வாத்தியாருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருப்பார். ஜப்பான்காரன் வந்ததும் மூடிய பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்தபோது ஒரு உத்தரவும் வந்தது. தினமும் காலையில் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். பிறகு இச்சி, நி, சான், சி என்று அவர்கள் பாஷையில் எண்ணிக்கொண்டு கால் மணி நேரம் கை கால் ஆட்ட வேண்டும்.

எங்கள் மலையின் காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். வெறும் காலில், ஈரப் புல்லில், மரவள்ளிக் கூழ் குடித்த வயிற்றோடு நின்று பாருங்கள். கையைத் தூக்கினால் தலை சுற்றும். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே ஆட்டுவோம். வாத்தியாரும் பாவம் என்று விட்டுவிடுவார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து நின்றான். எங்கள் வரிசையைப் பார்த்தான். ஒரு பையன் கொட்டாவி விட்டான். அதிகாரி நேரே வாத்தியாரிடம் போய்க் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கண்ணாடி புல்லில் விழுந்தது. வாத்தியார் கண் தெரியாமல் தரையைத் தடவித் தேடினார். கண்ணாடி எங்கே கிடக்கிறது என்று எங்கள் முப்பது பேருக்கும் தெரியும். ஒருவர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவ்வளவு பயம்.

மறுநாள் வாத்தியார் வேறு மாதிரி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஏதோ குறும்பு. "இன்னைக்கு இச்சி நி எல்லாம் நான் பாத்துக்கறேன். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க" என்றார். "கொழுந்து!" என்று கத்தினால் இரண்டு கையாலும் வேகவேகமாகக் கொழுந்து கிள்ள வேண்டும். "துரை!" என்றால் ஆணி அடித்த மாதிரி விறைத்து நிற்க வேண்டும். "மழை!" என்றால் தலையில் கை வைத்துக் குந்த வேண்டும். "அட்டை!" என்றால் காலில் அட்டை கடித்த மாதிரி ஒற்றைக் காலில் குதித்து முழங்காலைத் தட்ட வேண்டும். மாற்றிச் செய்தவன் வெளியே போக வேண்டும். நிதானமாக ஆரம்பித்து, அட்டை, மழை, துரை, அட்டை, அட்டை என்று அவர் வேகம் எடுக்கும்போது நாங்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுவோம். குளிர் எங்கே போனதென்றே தெரியாது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாரும் சுறுசுறுப்பாகப் பயிற்சி செய்வது போலத்தான் இருக்கும்.

அடுத்து ஓட்டப் பந்தயம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேடு வரைக்கும் ஒற்றையடிப் பாதை, இரண்டு வளைவு. முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டி, அதில் கொஞ்சம் மண் போட்டு, ஏறி ஓட வேண்டும். நாங்கள் இருந்த மேல் லயம் ஒரு கட்சி, கீழ் லயம் ஒரு கட்சி. ஜெயித்தவருக்கு வாத்தியார் தோட்டத்துச் சர்க்கரைவள்ளி ஒன்று, சுடச்சுட. அதோடு அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தை அன்று முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் காலுக்கு அது ஓடம்தான். உள்ளே புல் அடைத்துக்கொள்வோம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே குழந்தைகள் போட்ட ஒரே சப்பாத்து அதுதான். நான் நாலு தடவை போட்டிருக்கிறேன். சோம்பேறி என்று சொன்னவள் இதைக் கவனிக்கவும்.

அண்ணன் ஒரு தடவைகூடப் போடவில்லை. அவன் நெட்டையன். வயதுக்கு மீறிய உயரம், ஆனால் எதிலும் கடைசி. ஓடும்போது திரும்பிப் பார்த்துப் பின்னால் வருபவனிடம் வம்பு பேசுவான். வழியில் ஏதாவது பூச்சியைப் பார்த்தால் நின்றுவிடுவான். "எல்லாருமே மொதல்ல வந்தா, கடைசியா வர்றதுக்கு ஆள் வேணாமா?" என்பான். ஒருநாள் வாத்தியார் எங்களை இரண்டு பக்கமும் நிற்க வைத்து, அவன் பெயரைச் சொல்லிச் சேர்ந்து கத்தச் சொன்னார். அவன் முதலில் கூச்சப்பட்டான். பிறகு முகமே மாறிவிட்டது. கூடை ஆட ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறி ஓடினான். அன்றைக்கு இரண்டாவதாக வந்தான். "இவனுக்குச் சத்தம்தாண்டா சாப்பாடு!" என்று வாத்தியார் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழும், குழி எழும்ப நேரமாகும். சத்தான சாப்பாடு இல்லாமல் வந்த வீக்கம். வேலைக்குப் போக முடியாததால் அவர் பெயரைச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், அடித்து நீக்கிவிட்டார்கள். நம் தோட்டங்களில் பெரியவர் செய்யும் வேலை முழுப்பேர், பிள்ளைகள் செய்யும் வேலை அரைப்பேர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி முழுப்பேருக்கு மட்டும்தான். அரைப்பேருக்குக் கிழங்கு. அப்பா பெயர் போனதும் அம்மா ஒருத்தியின் அரிசியில் நாலு வயிறு. அந்த அரிசியும் அப்பா குடிக்கிற கஞ்சிக்கே போதவில்லை.

ஜப்பான்காரன் இன்னும் அதிகமாக மரவள்ளி நடச் சொன்னான். ஆள் போதவில்லை. ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், கிராணி ஒரு அறிவிப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடுவதை அவர் பார்த்திருக்கிறார். "வர்ற திங்கக்கெழமை முழுக் கூடையைத் தூக்கிக்கிட்டுத் தொட்டி மேடு வரைக்கும் எறக்காம போற பையனுக்கு முழுப்பேர் போட்டுடலாம். பதினாறு வயசு ஆயிருக்கணும், அவ்வளவுதான்" என்றார். எங்கள் யாருக்கும் பிறப்புப் பத்திரம் கிடையாது. கங்காணி உயரத்தைப் பார்த்து ஒரு வயது சொல்வார், அதுதான் வயது.

அம்மா அன்று சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"வாத்தியாரே, என் பையனை எப்படியாவது ஏத்திவிட்டுடுங்க. எங்க வீட்டுக்காரர் காலைப் பாத்தீங்கல்ல?"

வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். இதுவரை அடி வாங்காமல் இருப்பதற்காக விளையாடிய விளையாட்டு இப்போது ஒரு வீட்டுக்குச் சோறு போடப்போகிறது. "ஏத்திடலாம்மா. நம்ம பிள்ளைங்க கத்துற கத்துல அவன் மலையையே தூக்கிருவான்" என்றார். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கிராணி, அம்மா, வாத்தியார், மூன்று பேருமே எங்கள் பசியைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். இந்த வயதில் நினைத்துப் பார்த்தாலும் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் ஜெயித்தான். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். மேட்டின் மேல் போய் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். கிராணி பேரேட்டைத் திறந்து, "வயசு?" என்றார். "பதினாறு" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் கையை அழுந்தக் கிள்ளினாள். அவன் உயரத்தைப் பார்த்துக் கங்காணியும் தலையாட்டினார். பதினாறு என்று எழுதியாயிற்று.

முழுப்பேர் ஏறிய பையனுக்கு வீட்டில் முதல் சோறு போடுவது எங்கள் லயத்துப் பழக்கம். அந்த ஒரு நாள் மட்டும் தகப்பனுக்கு முன்னால் அவன் சாப்பிட வேண்டும். அப்பா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, "சாப்புடு ராசா, சாப்புடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டான், மூன்றாவது வாயை எனக்கு ஊட்டினான். வெறும் சோறும் உப்பும்தான். நான் அவ்வளவு ருசியாக ஒன்றைச் சாப்பிட்டதே இல்லை.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்பாவின் கால் கொஞ்சம் வடிந்தது. பிறகு வாத்தியாரை அறைந்த அதே அதிகாரி லோரியோடு வந்தான். நாங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம், அங்கே நடந்ததெல்லாம் பெரியவர்கள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஒவ்வொரு தோட்டமும் ஆள் அனுப்ப வேண்டும், மூன்று மாதம்தான், சம்பளமும் அரிசியும் உண்டு என்று கிராணி வாசித்தார். வாசிக்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகாத முழுப்பேர் ஆண்கள் எல்லாரும் போக வேண்டும். பெயர்களைக் கூப்பிட்டார். ஆறாவது பெயர் அண்ணனுடையது.

அம்மா கிராணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவனுக்குப் பதிமூணுதாங்க! மாதா சத்தியமா பதிமூணு!"

"நீதானம்மா பதினாறுன்னு சொன்ன. நான் எழுதிட்டேன். அந்தப் பேப்பர் இப்ப ஜப்பான்காரன் கையில இருக்கு. நான் மாத்துனா என் தலை போயிரும், தெரியுமா?"

"அன்னைக்குச் சோத்துக்காகச் சொன்னேங்க..."

"எனக்குத் தெரியாதா லா?" என்றார் கிராணி.

அப்போது வாத்தியார் முன்னால் வந்தார். அவருக்கு மலாய் நன்றாக வரும், அதிகாரிக்கும் கொஞ்சம் மலாய் தெரியும். பையனுக்கு நெஞ்சில் நோய், பாரம் தூக்க மாட்டான், அவனைக் கொண்டுபோனால் உங்களுக்குத்தான் தொல்லை என்று குனிந்து குனிந்து சொன்னார். அதிகாரி அண்ணனின் உயரத்தைப் பார்த்துச் சிரித்தான். "வேணும்னா பாருங்க, ஒரு கூடையைக் கொடுத்து அந்த மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. பாதியிலேயே விழுந்துடுவான்" என்றார் வாத்தியார். அதிகாரிக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அவன் ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டதைப் பெரியவர்களே அன்றுதான் பார்த்தார்களாம். அம்மா வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கூடையில் மண் அள்ளும் சாக்கில் வாத்தியார் அண்ணன் காதில், வழியிலேயே விழுந்துவிடச் சொன்னார். அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டு, "ரெண்டாவது வளைவுல விழுந்துடுய்யா. எந்திரிக்காத" என்று சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான். பக்கத்தில் நின்ற பெரியவர்களுக்கெல்லாம் ஒருவர் மூலம் ஒருவருக்கு விஷயம் போய்விட்டது. பிள்ளைகளாகிய எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிறிசுகள் உளறிவிடும் என்று நினைத்திருப்பார்கள். சொல்லியிருந்தால் நாங்கள் வாயைத் தைத்துக்கொண்டு நின்றிருப்போம்.

இரைச்சல் கேட்டு நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் முதுகில் கூடை, எதிரே தொட்டி மேடு, எல்லாரும் கூடி நிற்கிறார்கள் என்பதுதான். பழக்கப்படி இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டோம்.

பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே அண்ணன் ஆரம்பித்தான். கால் தள்ளாட நடந்தான். இருமினான். முதல் வளைவில் மண்டியிட்டான். அதிகாரி பெட்டியிலிருந்து எழுந்துவிட்டான், போதும் என்று சொல்லப்போகிறவன் மாதிரி. அந்த நேரத்தில் எங்களில் யாரோ ஒரு பிள்ளை அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தியது. உடனே எல்லாரும் கத்தினோம். "எந்திரி! எந்திரி! மேல் லயம்! மேல் லயம்!" வாத்தியார் எங்களைப் பார்த்துத் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. கையைப் பாதி தூக்கிவிட்டுக் கீழே போட்டார். அதிகாரிக்கு முன்னால் எங்களை எப்படி அடக்குவார்? அடக்கினால் ஏன் என்று கேட்க மாட்டானா? அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் எழுந்தான். இரண்டு பக்கமும் எங்களைப் பார்த்தான். ஒரு கணம் அம்மாவையும் பார்த்தான். பிறகு ஓடினான். இரண்டாவது வளைவைத் தாண்டினான். கூடையிலிருந்து மண் சிதறியது, மேடேறும்போது கழுத்து நரம்பு புடைத்தது, நாங்கள் கூடவே குதித்துக் குதித்துக் கத்தினோம். மேட்டின் மேல் நின்று திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று அதிகாரி கைதட்டினான். நல்லது, நல்லது என்று மலாயில் பாராட்டினான்.

எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் நான். அவன் என் அண்ணன் என்ற பெருமை. பெரியவர்கள் யாரும் கைதட்டவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் முதுகில் ஓர் அறை வைத்து, "வாயை மூடுடி, பாவி" என்றாள். பிறகு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் குழாயடியில் அண்ணன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, விழச் சொன்னாங்களாமே. ஏண்ணே விழல?"

அவன் நிமிராமல் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"நெசமாவே விழணும்னுதான் இருந்தேன். நீங்கள்லாம் கத்துனீங்களா, காலு தானாப் போயிருச்சு. என்ன செய்யறது?" என்று சிரிக்கப் பார்த்தான். "மூணு மாசம்தானே லா. அரிசி நெறைய குடுப்பாங்களாம். வரும்போது உனக்கு ஒரு சட்டை கொண்டாறேன், சாக்கு இல்லாத சட்டை."

அவன் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணை நானும் சேர்ந்து தேய்த்தேன்.

மறுநாள் காலை பதினொரு பேர் லோரியில் ஏறினார்கள். அவ்வளவு நெட்டையாக இருந்தும் அண்ணனுக்கு லோரியில் ஏறத் தெரியவில்லை, மேலே இருந்த ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கினார். வாத்தியார் அங்கே வரவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. லோரி நகர்ந்ததும் அம்மா அதன் பின்னாலேயே ஓட ஆரம்பித்தாள். "பதிமூணு வயசுங்க! என் பிள்ளைக்குப் பதிமூணு வயசுதாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தான், திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அவனுக்குத் தமிழ் தெரியாது. லோரி மலை வளைவில் மறைந்த பிறகும் அவள் நிற்கவில்லை. எதிரே யார் வந்தாலும், கிராணியிடம், கங்காணியிடம், கொழுந்து கிள்ளப் போன பெண்களிடம், பதிமூணு வயசுதாங்க என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்து வந்தாள்.

சண்டை முடிந்து, அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. வந்த இருவரும் பாதி வழியிலேயே வேறு முகாமுக்குப் பிரிக்கப்பட்டவர்கள். அவனைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா அவர்களிடம் அவன் எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. மார்கழி மாதம் வரைக்குமாவது இருந்தானா என்று மட்டும்தான் கேட்டாள், அவன் மார்கழியில் பிறந்தவன். அண்ணனுக்குப் பதினான்கு வயது ஆனதா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது.